புதுப்பிக்கப்படும் நினைவும் மாறாத பொறுப்பும்

கி.மு. 5 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சிசிலித் தீவில் வாழ்ந்த எப்பிக்கார்மசு என்னும் கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியரின் பெயரோடு சார்த்திப் பிற்காலத்தார் வழங்கிய கதையொன்று உண்டு. கடன் கொடுத்தவன் தன் பணத்தைத் திருப்பிக் கேட்கின்றான். கடன்பட்டவனோ பணத்தை நீட்டாது ஒரு தருக்கத்தை நீட்டுகின்றான். கூழாங்கற் குவியலொன்றில் ஒரு கல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ அது பழைய எண்ணிக்கையுடைய குவியலாகாது. மனிதனும் அவ்வாறே நாள்தோறும் வளர்ந்தும் தேய்ந்தும் வருகின்றான். ஆதலால் அன்று கடன் வாங்கியவன் வேறு, இன்று இங்கு நிற்பவன் வேறு என்பது அவனது வாதம். விடை கூற இயலாத மற்றவன் சினங்கொண்டு அவனை அடித்துவிடுகின்றான். அடிபட்டவன் முறையிட்டபோது, அடித்தவன் வேறு, இப்பொழுது குற்றஞ் சாட்டப்படுபவன் வேறு என்று அதே வாதம் அவனிடமே திருப்பிக் கொடுக்கப்படுகின்றது.

இக்கதை நகைப்புக்காகக் கூறப்பட்டதாயினும் அதனுள் அடங்கியுள்ள வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. கடன், வாக்குறுதி, குற்றம், தண்டனை, நன்றி, மன்னிப்பு ஆகிய யாவும் நேற்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒருவனே என்னும் நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்டவை. அந்நம்பிக்கை ஆட்டங்காணின் ஒழுக்க வாழ்வு முழுவதுமே ஆட்டங்காணும். இருபதாம் நூற்றாண்டில் வளர்ச்சியுற்ற உயிரிரசாயனம், கடன்பட்டவனது வாதத்துக்கு அவன் கனவிலும் எதிர்பாராத சான்றொன்றை வழங்கியிருப்பதுபோலத் தோன்றுகின்றது. மனிதனின் நினைவுகள் பொதிந்துள்ள இடங்களெனக் கருதப்படும் நரம்பிணைப்புக்களிலே, புரதங்கள் இடையறாது சிதைக்கப்பட்டும் புதியனவாக ஆக்கப்பட்டும் வருகின்றன என்பதே அச்சான்று. நினைவைத் தாங்கும் பொருளே மாறிவிடுமாயின், அந்நினைவுக்கு உரியவனைப் பழைய செயலுக்குப் பொறுப்பாளியாக்குவது எவ்வாறு? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலின் இயங்குநிலை

வளர்ச்சி முற்றுப்பெற்ற உடல் ஓர் எந்திரத்தைப் போன்றது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலோங்கியிருந்தது. உணவு எரிபொருளாகப் பயன்படுகின்றது. உடலின் கட்டமைப்போ பெரும்பாலும் அவ்வாறே நிற்கின்றது. தேய்ந்துபோன சிறுபகுதி மட்டும் ஈடுசெய்யப்படுகின்றது என்பதே அக்கருத்து. இதனைத் தகர்த்தவர் றுடோல்வ் ஷோன்கைமர் என்னும் யேர்மானிய அறிஞர். 1933 இல் யேர்மனியை விட்டு நீங்கி நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய இவர், பாரமான நைதரசன் சமதானியை அமினோ அமிலங்களிற் புகுத்தி, அவற்றை வளர்ந்த எலிகளுக்கு உணவாகக் கொடுத்தார். எலிகளின் நிறையில் மாற்றம் ஏற்படவில்லை. ஆயினும் உட்கொள்ளப்பட்ட நைதரசனிற் கணிசமான பகுதி உடலை விட்டு வெளியேறாது, உடற்புரதங்களிற் சென்று கலந்திருந்தமை தெரியவந்தது. வெளித்தோற்றத்தில் அசைவற்றிருந்த உடல், உள்ளே ஓயாது உடைந்தும் கட்டப்பட்டும் வந்தது. உடற்கூறுகளின் இயங்குநிலை பற்றி ஷோன்கைமர் ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைந்த பின்னர் 1942 இல் நூலுருப் பெற்றன.

நரம்புக்கலங்களும் இவ்விதிக்கு விலக்கானவையல்ல. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளனவெனக் கணிக்கப்பட்டுள்ளது. தோலின் கலங்களும் குருதிக் கலங்களும் இறந்து புதியன தோன்றுவது போலன்றி, மூளையின் மேற்பட்டையிலுள்ள நரம்புக்கலங்களிற் பெரும்பாலானவை மனிதனோடு பிறந்து அவனோடு இறப்பவை. கலம் நிலைக்கின்றது, ஆனாற் கலத்தை ஆக்கும் பொருள் நிலைப்பதில்லை. ஒரு நரம்புக்கலத்தின் முனையும் மற்றொன்றின் கிளையும், ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளியுடன் எதிரெதிர் நிற்கும் இடமே நரம்பிணைப்பு எனப்படுகின்றது. கற்றலும் நினைவும் இவ்விணைப்புக்கள் வலுப்பெறுவதாலும் வலுக்குன்றுவதாலும் நிகழ்கின்றன என்பது இன்று பெரும்பாலான நரம்பியலாளர் ஏற்கும் கொள்கை. அவ்வலுவை நிருணயிப்பவை அங்குள்ள புரதங்கள். அப்புரதங்களிற் பெரும்பாலானவற்றின் ஆயுளோ சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரையானதே.

சிதைவு இங்கு தற்செயலாக நிகழ்வதன்று. பயன் முடிந்த அல்லது பழுதுற்ற புரதத்தின்மீது யூபிக்குயிற்றின் என்னும் சிறுபுரதம் அடையாளச் சீட்டுப்போற் பொருத்தப்படுகின்றது. அவ்வடையாளம் பெற்ற புரதம் புரோற்றியசோம் எனும் பீப்பாய் வடிவான அமைப்பினுட் புகுத்தப்பட்டுத் துண்டாடப்படுகின்றது. இம்முறையைக் கண்டறிந்தமைக்காக ஆரன் சிக்கனோவர், அவ்ராம் ஹேர்ஷ்கோ, ஏர்வின் றோஸ் ஆகிய மூவருக்கும் 2004 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1955 இற் கிறிஸ்ரியன் டி டூவ் இனங்கண்ட இலைசோசோம் என்னும் நுண்பைகள் மற்றொரு வழியாகச் சிதைவை நிகழ்த்துகின்றன. ஆக்கமும் இவ்வாறே இடமறிந்து நிகழ்வது. புரதங்கள் யாவும் கலவுடலில் ஆக்கப்பட்டே தொலைவிலுள்ள கிளைகளுக்கு அனுப்பப்படுகின்றன எனக் கருதப்பட்ட காலத்தில், 1982 இல் ஒஸ்வால்ட் ஸ்ரூவேட்டும் வில்லியம் லெவியும் நரம்பிணைப்புக்களின் அடியிலேயே புரதத்தை ஆக்கும் இறைபோசோம்கள் கூட்டமாக இருத்தலைக் காட்டினர். தேவை எழும் இடத்திலேயே ஆக்கமும் நிகழக்கூடும் என்பது இதனாற் புலனாயிற்று.

கிறிக்கின் வினா

நினைவுக்கும் புரத ஆக்கத்துக்கும் உள்ள தொடர்பு 1960 களிலேயே உணரப்பட்டது. 1963 இல் பிளெக்ஸ்னர் குழுவினர், புரத ஆக்கத்தைத் தடுக்கும் மருந்தொன்றை எலிகளின் மூளையிற் செலுத்தியபோது, அவை கற்ற பாதையை மறந்தமையைக் கண்டனர். பின்னர் எறிக் கண்டெல் கடல்வாழ் நத்தையினத்தில் மேற்கொண்ட ஆய்வுகள், குறுங்கால நினைவுக்குப் புதிய புரதம் வேண்டியதில்லை, நெடுங்கால நினைவுக்கோ அது இன்றியமையாதது என நிறுவின. 2000 ஆம் ஆண்டின் நோபல் பரிசினை அவர் பெறுவதற்கு இவ்வாய்வுகள் காரணமாயின.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு புதிர் எழுகின்றது. நினைவை நிலைநிறுத்துவது புதிய புரதமாயின், அப்புரதமும் சில நாட்களிற் சிதைந்துபோவதன்றோ? எண்பது வயது முதியவர் ஏழு வயதில் நிகழ்ந்ததை நினைவுகூருவது எங்ஙனம்? பரம்பரை மூலக்கூற்றின் வடிவத்தைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிறிக் 1984 இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில் இவ்வினாவைத் தெளிவாக முன்வைத்தார். அவர் ஊகித்த விடையும் எளிமையானது. இரண்டு அலகுகள் இணைந்த புரதமொன்றைக் கருதுக. இரண்டு அலகுகளும் பொசுபேற்றுக் குறியொன்றைத் தாங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று சிதைந்து, குறியற்ற புதிய அலகு அதனிடத்தைப் பெறுகின்றது. அருகிலுள்ள பழைய அலகு குறியுடன் நிற்பதனால், அதனைக் கண்டு செயற்படும் நொதியமொன்று புதிய அலகிலும் அக்குறியை இடுகின்றது. பின்னர் பழையது சிதையும்போது, குறிபெற்ற புதியது அடுத்து வருவதற்கு வழிகாட்டுகின்றது. இரண்டும் ஒருங்கே நீங்காதவரை குறி அழிவதில்லை. அலகுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்க, நிலைமை மாறாதிருக்கும்.

1985 இல் யோன் லிஸ்மன் தன்னைத்தானே குறியிட்டுக்கொள்ளும் நொதியமொன்றைக் கற்பித்து இக்கருத்தை மேலும் வளர்த்தார். வழக்கமாகப் பன்னிரண்டு அலகுகள் கூடியமைந்த, கல்சியத்தாற் தூண்டப்படும் நொதியமொன்று இதற்குப் பொருத்தமானதாகப் பின்னர் கருதப்பட்டது. 2024 இல் வெளியான ஆய்வொன்று, நிலைத்து நிற்கும் புரதமொன்று நரம்பிணைப்பில் அடையாளமாக இருந்து, குறுகிய ஆயுளுடைய நொதியத்தை மீண்டும் மீண்டும் அவ்விடத்துக்கே ஈர்த்துக் கொள்ளும் முறையை எடுத்துக்காட்டியது. எந்த மூலக்கூறு இப்பணியைச் செய்கின்றது என்பதிலே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. ஆனால், மூலக்கூறு நிலைப்பதால் நினைவு நிலைக்கவில்லை, மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று கையளிப்பதால் நிலைக்கின்றது என்ற அடிப்படைக் கருத்து இவையனைத்துக்கும் பொதுவானது.

பனையோலை ஏடுகளின் வரலாற்றை அறிந்தோருக்கு இக்கருத்துப் புதுமையானதன்று. ஓலை செல்லரிக்கும், இற்றுப்போகும். எனினும் பழைய ஏடு முற்றாக அழியுமுன்னர் புதிய ஓலையிற் படியெடுக்கப்பட்டமையாலேயே சங்க நூல்கள் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் கைக்கு எட்டின. அவர் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, முதன்முதலில் அந்நூல் எழுதப்பட்ட ஓலையின் துகள் கூட எங்கும் இருந்திராது. படியெடுத்தல் நின்ற நூல்கள் மறைந்தன. 1981 இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. வேறெங்கும் படியில்லாதிருந்த ஏடுகளோ மீளவில்லை. கல்லும் சாந்தும் மீளக் கிடைப்பவை. கையளிக்கும் சங்கிலி அறுந்தால் அதனை மீளப் பிணைக்க வழியில்லை.

படியெடுத்தலுக்கு மற்றொரு பண்பும் உண்டு. படியெடுப்பவன் பிழைவிடக்கூடும், திருத்தவும் கூடும். நினைவும் இத்தகையதே என 2000 ஆம் ஆண்டிற் கரீம் நாடெர், கிளென் ஷாவ், யோசப் லெடூ ஆகியோர் நடத்திய பரிசோதனை உணர்த்தியது. ஓர் ஒலியைக் கேட்டதும் அஞ்சுமாறு பழக்கப்பட்ட எலிகளுக்கு அவ்வொலி மீண்டும் கேட்பிக்கப்பட்டது. அந்நினைவு எழுந்த வேளையிற் புரத ஆக்கம் தடுக்கப்பட்டபோது, உறுதிபெற்றிருந்த பழைய அச்சமும் மறைந்தது. நினைவுகூரப்படும்போது நினைவு நெகிழ்ந்து, மீண்டும் புதிய புரதத்தால் உறுதிபெற வேண்டியதாகின்றது. அவ்வாறு நெகிழ்வதற்குப் புரதச் சிதைவும் வேண்டப்படுகின்றது என்பது பின்னர் அறியப்பட்டது. எனவே, சிதைவை நினைவின் பகையென மட்டும் கொள்ளுதல் தவறாகும். சிதைக்கப்பட வேண்டியவை சிதைக்கப்படாது தேங்குதல் அல்சைமர் நோயுற்ற மூளையிற் காணப்படும் கேடுகளுள் ஒன்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தத்துவஞானிகளின் விடைகள்

இவ்வறிவியற் செய்திகள் புதியனவாயினும் இவை எழுப்பும் வினா மிகப் பழையது. அதற்குக் கூறப்பட்ட விடைகளை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, மாறும் உடலுக்கு அப்பால் மாறாத ஆன்மா உண்டென்பது. நியாயம் முதலிய தரிசனங்களும் சைவசித்தாந்தமும் இதனை வலியுறுத்தின. முன்னர் கண்டவனும் இப்போது நினைப்பவனும் ஒருவனாக இல்லாவிடின் நினைவு என்பதே நிகழாது என்பது இவர்களது வலுவான வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், கணந்தோறும் யாவும் அழிந்து தோன்றும் என்ற பௌத்தக் கொள்கையை மறுப்பதற்குப் பெரிதும் இடமளித்துள்ளது.

இரண்டாவது, அப்பௌத்தக் கொள்கையே. மணிமேகலையின் இறுதிக் காதைகள் இத்தரிசனத்தின் அளவையையும் காரண காரியத் தொடரையும் தமிழில் விரித்துரைக்கின்றன. பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹ என்னும் நூலில் நாகசேன தேரர், இரவெல்லாம் எரியும் விளக்கினை உவமையாகக் காட்டுகின்றார். முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல. அதே நூலில் மாம்பழக் கள்வன் ஒருவனும் வருகின்றான். தோட்டக்காரன் நட்டது வேறு மாங்கனி, தான் பறித்தது வேறு மாங்கனி, ஆதலாற் தான் குற்றவாளியல்லன் என்பது அவன் வாதம். பின்னது முன்னதிலிருந்து தோன்றியமையால் அவன் குற்றவாளியே என மன்னன் ஒப்புக்கொள்கின்றான். சிசிலித் தீவின் கடன்பட்டவனும் இம்மாம்பழக் கள்வனும் ஒரே தருக்கத்தின் இருவேறு பிள்ளைகள். ஆன்மாவை ஏற்காத தரிசனமும் வினைப்பயனைக் கைவிடவில்லை என்பது இங்கு முக்கியமானது.

மூன்றாவது விடை ஆங்கிலத் தத்துவஞானி யோன் லொக்கினுடையது. 1694 இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த அத்தியாயமொன்றில், ஒருவனை ஒருவனாக்குவது பொருளுமன்று, ஆன்மப் பொருளுமன்று, நனவே என அவர் வாதித்தார். கடந்த செயலை எவ்வளவு தூரம் தன்னுடையதென நனவு எட்டிப் பிடிக்கின்றதோ, அவ்வளவு தூரம் அவன் அதே ஆள். இக்கொள்கையின் இடர்ப்பாட்டை 1785 இல் தோமஸ் றீட் எடுத்துக்காட்டினார். சிறுவயதிற் பழத்தோட்டத்திற் திருடி அடிபட்டவன், இளமையிற் போர்க்களத்திற் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகின்றான், முதுமையிற் படைத்தலைவனாகின்றான். கொடியைக் கைப்பற்றியபோது அடிபட்டது நினைவிருந்தது. தலைவனானபோது கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கின்றது, அடிபட்டதோ மறந்துவிட்டது. லொக்கின் அளவுகோலின்படி தலைவன் அச்சிறுவனாகவும் வேண்டும், ஆகாதிருக்கவும் வேண்டும்.

இம்மூன்றினுள் எதனை நரம்பியல் நிறுவியுள்ளது? உண்மையில் எதனையும் நிறுவவில்லை எனல் வேண்டும். நினைவின் சுவடு எவ்வாறு பேணப்படுகின்றது என்பதையே அது விளக்குகின்றது; நினைப்பவன் யார் என்பதையன்று. ஆன்மாவை ஏற்போர், புரதம் மாறுவது கருவி மாறுவதேயன்றி அதனைக் கையாள்பவன் மாறுவதன்று எனக் கூறலாம். பௌத்தர், தம் விளக்குச் சுடருக்கு மூளையிலே இடங்கிடைத்துவிட்டது எனலாம். ஆயினும் ஒரு கருத்தை அது ஐயத்துக்கிடமின்றித் தகர்த்துவிட்டது. அஃதாவது, ஒன்று நிலைத்திருத்தல் என்பது அதன் பொருள் மாறாதிருத்தல் என்ற கருத்து. கடன்பட்டவனின் வாதம் முழுவதும் இவ்வொரு கற்பனைத் தூணிலேயே தங்கியிருந்தது. நினைவு நிலைப்பதற்குப் புரதம் மாறவேண்டியிருக்கின்றது. மாறாதிருந்தால் பழுதுற்ற மூலக்கூறுகள் குவிந்து நினைவைத் தாங்கும் இணைப்பே கெட்டுவிடும். மாற்றத்தைச் சான்றாகக் காட்டித் தொடர்ச்சியை மறுப்பவன், தொடர்ச்சியை ஆக்கும் தொழிலையே அதற்கு எதிரான சாட்சியாக நிறுத்துகின்றான்.

டேவிட் கியூம் 1739 இல் வெளிவரத் தொடங்கிய தமது பெருநூலில் மனத்தை ஒரு குடியரசுக்கு ஒப்பிட்டார். குடிமக்கள் பிறந்திறப்பர், சட்டங்களும் மாறலாம், குடியரசு தொடரும். கிறிக்கின் மூலக்கூறுகளும் அக்குடிமக்களைப் போன்றவையே. ஒரு நாடு முன்னைய தலைமுறை பெற்ற கடனுக்கும் செய்த உடன்படிக்கைக்கும், அத்தலைமுறையினர் இன்று இல்லை என்பதனால் மட்டும் பொறுப்பற்றதாகிவிடுவதில்லை.

மறதியும் பொறுப்பும்

ஆயின், தொடர்ச்சியை நினைவு மட்டுமே ஆக்குகின்றது எனக் கொள்ளின் மற்றொரு வாயில் திறக்கின்றது. பொருள் மாறிவிட்டது எனத் தப்ப முடியாதவன், மறந்துவிட்டேன் எனத் தப்ப முற்படலாம். மதுவெறியிற் செய்த குற்றத்தைப் பின்னர் நினைவுகூராத ஒருவனைத் தண்டிப்பது முறையாகுமா என லொக்கே வினவினார். உண்மையான மறதியையும் பொய்யான மறதியையும் மனித நீதிமன்றம் வேறுபடுத்தி அறிய இயலாமையாலேயே அவனைத் தண்டிக்கின்றது என்பது அவரது விடை. இவ்விடை நிறைவளிப்பதாக இல்லை. குற்றமிழைத்தவன் மறந்தமையால், இழைக்கப்பட்ட தீங்கு இழைக்கப்படாததாகிவிடுவதில்லை. கடன் என்பது ஒருவனுடைய மண்டையோட்டினுள் மட்டும் இருப்பதன்று. அது இருவருக்கிடையே இருப்பது. கொடுத்தவனின் நினைவிலும், சாட்சிகளின் நினைவிலும், எழுதப்பட்ட முறியிலும் அது உயிர்வாழ்கின்றது.

இதற்கு மறுதலையான சான்று ஹென்றி மொலேசன் என்பவரின் வாழ்வு. 1953 இல் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவையின்போது மூளையின் உட்பகுதிகள் சில அகற்றப்பட்டமையாற் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்தும் ஆற்றலை அவர் இழந்தார். 2008 இல் இறக்கும்வரை அவரைச் சந்தித்த ஆய்வாளர்கள், அவருக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அந்நியராகவே இருந்தனர். அவரோ அவர்களுக்கு அந்நியராக இருக்கவில்லை. நேற்று அவருக்களித்த வாக்கை அவர் மறந்துவிட்டமையால், இன்று அதனைக் காப்பாற்ற வேண்டியதில்லை என எவரேனும் கூறியிருப்பின் அது இழிவான செயலாகவே கருதப்பட்டிருக்கும். அல்சைமர் நோயினால் தன் மகனின் பெயரையே மறந்த தாய்க்கும் இது பொருந்தும். தாயின் நினைவில் மகன் இல்லாத வேளையிலும் மகனின் நினைவில் தாய் இருக்கின்றாள். ஓர் அலகு சிதைந்தபோது மற்றைய அலகு குறியைக் காத்து நிற்பதுபோல, உறவில் ஒருவர் இழந்ததை மற்றவர் காத்து நிற்பதே அங்கு கடமையாகின்றது. மனிதனின் தொடர்ச்சி அவனது மூளையினுள் மட்டும் அடங்கியதன்று என்பதை இவ்வுதாரணங்கள் தெளிவுறுத்தும்.

இவ்விடத்தில் இன்னொரு வினாவும் எழுகின்றது. நினைவு நெகிழும் வேளையில் அதனை மருந்தினால் மாற்ற முடியுமாயின், கொடிய நினைவுகளை நீக்கிவிடுதல் தகுமா? எலிகளிற் பெற்ற பெறுபேற்றை மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாதெனினும், அச்சம் தோய்ந்த நினைவுகளின் வேகத்தைத் தணிக்க மருந்துகள் பரிசோதிக்கப்பட்டே வந்துள்ளன. ஈண்டு தீங்குற்றவனையும் தீங்கிழைத்தவனையும் ஒரே தராசில் வைத்தல் கூடாது. தீங்குற்றவன் நள்ளிரவில் நடுங்கி விழித்தெழாது உறங்க விரும்புவானாயின் அதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. துன்புற்றவன் சாட்சி கூறுவதற்காகத் தொடர்ந்து துன்புறவேண்டும் என வற்புறுத்துவது கொடுமையேயாகும். அவனது நினைவின் சுமையைப் பிறர் தம் நினைவிலும் எழுத்திலும் ஏற்றுக்கொள்ளுதலே சமூகத்தின் கடன். தீங்கிழைத்தவனின் நிலையோ வேறு. அவன் தன் நினைவை அழித்துக்கொள்வானாயின் ஒரு குற்றத்துக்குப் பதிலாக இரண்டு குற்றங்களுக்கு ஆளாவான். கடனைத் தீர்க்காது முறியைக் கிழித்தவனாவான்.

அங்ஙனமாயின் மனிதன் தன் பழைய செயலிலிருந்து என்றுமே விடுபட முடியாதவனா என வினவலாம். இவ்வினா நியாயமானது. இளமையிற் கொடுமை புரிந்தவன் முதுமையில் முற்றிலும் வேறு மனத்தினனாகிவிடுதல் உண்டு. அம்மாற்றத்தைக் கணக்கிலெடாது அவனைத் தண்டிப்பது நீதியாகாது என்று தோன்றுதல் இயல்பே. ஆயினும் மாறிவிட்டேன் எனக் கூறுவதில் இருவகை உண்டு. மாறிவிட்டேன், ஆதலால் அச்செயல் என்னுடையதன்று என்பது ஒன்று. அச்செயல் என்னுடையதே, அதனாலேயே மாறினேன் என்பது மற்றொன்று. முன்னது கடன்பட்டவனின் தருக்கம். பின்னதே கழிவிரக்கம். செயலைத் தன்னதென ஏற்காதவனுக்கு அதற்காக இரங்கவும் இயலாது. மன்னிப்புப் பெறவும் இயலாது. மன்னிப்பு என்பது செய்தவனுக்கே வழங்கப்படுவது; வேறொருவனுக்கு வழங்கப்படுவதன்று. ஆகவே, தொடர்ச்சியை ஏற்றல் தண்டனைக்கு மட்டுமன்றி விடுதலைக்கும் வாயிலாகின்றது.

புதுப்பித்தல் என்னும் கடமை

உயிரியல் உண்மைகளிலிருந்து அறநெறியை நேரே வருவித்தல் தருக்கப் பிழையாகும். புரதம் தன் குறியைக் கையளிக்கின்றது என்பதனால் மனிதன் தன் வாக்கைக் காக்கவேண்டும் என்பது பெறப்படமாட்டாது. இரண்டுக்குமிடையே ஒப்புமையுண்டு, அதனிலும் முக்கியமான வேற்றுமையும் உண்டு. நரம்பிணைப்பில் நிகழும் புதுப்பித்தல் மனிதன் உறங்கும்போதும் நிகழ்கின்றது. அவனது இசைவை அது வேண்டுவதில்லை. வாக்கினைப் புதுப்பித்தலோ அவ்வாறு தானாக நிகழ்வதன்று. பத்தாண்டுகளுக்கு முன்னர் அளித்த வாக்கை இன்று காப்பவன், அன்றைய உணர்ச்சியின் உந்துதலாற் காப்பதில்லை. அவ்வுணர்ச்சி எப்பொழுதோ தணிந்துவிட்டது. இன்றைய தன்னைக் கொண்டு அன்றைய சொல்லை மீண்டும் தன்னதாக்கிக் கொள்கின்றான். நாளையும் அவ்வாறே செய்யவேண்டியவனாகின்றான். அவன் அதனை நிறுத்திவிடின், எந்த நொதியமும் அவனுக்காக அதனைச் செய்யமாட்டாது.

எனவே, பழைய வினாவை இவ்வாறு மாற்றி அமைத்தல் பொருந்தும். நேற்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒருவனா என்பது, குவியலிலுள்ள கூழாங்கற்களை எண்ணி விடைகாணும் வினாவன்று. மூளையும் உறவும் சமூகமும் சேர்ந்து பேணிவரும் தொடர்ச்சியொன்றை ஏற்று நிற்கின்றானா, அன்றி உதறிவிட முயல்கின்றானா என்பதிலேயே அதற்கான விடையின் ஒரு பாதி தங்கியுள்ளது. மறுபாதி அவனது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. அவன் உதறினாலும் கடன் கொடுத்தவனின் முறியில் அவனது பெயர் நிற்கும்.

சிசிலித் தீவின் கடன்பட்டவனிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்டிருந்தாற் போதும், அடித்திருக்க வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்க வந்தவனை அவன் எவ்வாறு இனங்கண்டான்? கடன் கொடுத்தவனும் அதே தருக்கத்தின்படி நேற்றே மறைந்திருக்க வேண்டுமன்றோ? வந்தவன் தனக்குக் கடன் கொடுத்தவனே என அறிந்து, அவனிடமிருந்து தப்பவேண்டும் எனக் கருதியமையாலேயே அவன் அத்தருக்கத்தைத் தேடினான். தன் கடன் தன்னுடையதே என்பதை அவன் வாய் திறப்பதற்கு முன்னரே அறிந்திருந்தான்.